லீவுல வந்த மச்சானும் என் வண்டிச் சாவியும்

டிசம்பர் பொறந்தாலே எங்க ஊர்ப் பக்கம் இந்த போன் வர ஆரம்பிச்சிடும்.

"மாப்ள, ஊருக்கு வந்துட்டேன்டா. உன் வண்டி சும்மாதானே நிக்குது? ரெண்டு நாளைக்குக் குடேன்."

பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, புவனகிரி, நெல்லிக்குப்பம்... கடலூர்ல இருந்து சிதம்பரம் வரைக்கும் எந்தத் தெருவை எடுத்துக்கிட்டாலும் துபாய், சவூதி, சிங்கப்பூர், மலேசியான்னு ஒருத்தராவது வெளியில இருப்பாங்க. வருஷத்துக்கு ஒருதடவை லீவு. சில பேருக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவைதான். வந்து இறங்குன மறுநாள்ல இருந்தே ஓட்டம். பேங்க் வேலை, பத்திர ஆபீஸ், தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்கப் போறது, ஆருத்ராவுக்குத் தேர் பாக்க வர்றது, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு பிச்சாவரம். எல்லாத்துக்கும் ஆட்டோ வச்சா கட்டுப்படியாகாது. ஒரு மாச லீவுக்குன்னு புது வண்டி வாங்கிப் போடவும் முடியாது. அப்ப யார்கிட்ட கேப்பாங்க? நம்மகிட்டதான் கேப்பாங்க. கேக்கணும். கேக்கலன்னாதான் எனக்கு வருத்தம்.

இதை முதல்லயே சொல்லிடுறேன். கீழ எழுதப் போறதைப் படிச்சிட்டு, வண்டி மேல இருக்குற பாசத்துல எழுதுறான்னு யாரும் நினைச்சிடாதீங்க. நான் கவலைப்படுறது வண்டியை வாங்கிட்டுப் போறவனைப் பத்தி.

போன வாரம் ஒரு நண்பன் வந்தான். காலேஜ்ல (அண்ணாமலைப் பல்கலைக்கழகம்தான், சிதம்பரத்துக்காரனுக்கு வேற காலேஜ் ஏது!) ஒரே ரூம். இப்ப அபுதாபி. வண்டி கேட்டான். "தாராளமா எடுத்துக்கடா. லைசென்ஸை மட்டும் ஒருதடவை காட்டு"ன்னேன்.

முகம் மாறிடுச்சு.

"என்னடா, ஆல்பேட்டை செக்போஸ்ட்ல நிக்குற மாதிரி கேக்குற? என் மேல நம்பிக்கை இல்லையா?"

அவன் மேல நம்பிக்கை இல்லாமயா ஒரே தட்டுல சாப்பிட்டோம்? ஆனா நம்பிக்கைக்கும் லைசென்சுக்கும் என்னங்க சம்பந்தம்? ரொம்ப நேரம் முறைச்சிட்டு பர்ஸ்ல இருந்து எடுத்துக் கொடுத்தான். ஓரமெல்லாம் பிய்ஞ்சு, போட்டோல மீசை அரும்புற வயசு. காலேஜ் படிக்கும்போது எடுத்தது. அப்பல்லாம் 20 வருஷத்துக்குச் செல்லும்னு போட்டுக் கொடுப்பாங்க. அந்த 20 வருஷம் அவன் பாலைவனத்துல வேலை பாத்துக்கிட்டு இருந்தப்பவே ஓடி முடிஞ்சிருக்கு. தேதி முடிஞ்சு ஒரு வருஷத்துக்கும் மேல ஆச்சு. அவனுக்கே தெரியல.

இதுக்கு அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன். வெளிநாட்டுல இருக்குறவனுக்கு பாஸ்போர்ட் தேதி மனப்பாடமா தெரியும், விசா தேதி தெரியும், எமிரேட்ஸ் ஐடி தேதி தெரியும். ஊர் லைசென்ஸ் தேதியை யாரு நினைச்சுப் பாப்பா?

ஆனா சட்டம் மாறிப்போச்சு. முன்னாடி லைசென்ஸ் தேதி முடிஞ்சாலும் 30 நாள் வரைக்கும் செல்லும்னு ஒரு சலுகை இருந்துச்சு. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்துனப்போ அதைத் தூக்கிட்டாங்க. இப்ப தேதி முடிஞ்ச மறுநாளே நீங்க லைசென்ஸ் இல்லாத ஆள்தான். புதுப்பிக்கிறதுக்கு முடியுற தேதிக்கு ஒரு வருஷம் முன்னாடி இருந்து, முடிஞ்ச பிறகு ஒரு வருஷம் வரைக்கும் டைம். அதையும் தாண்டிட்டா மறுபடி ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் எட்டு போட்டுக் காட்டணும். 40 வயசுல, பதினெட்டு வயசுப் பசங்களோட வரிசையில நின்னு.

"சரி, அபுதாபி லைசென்ஸ் இருக்கே"ன்னான்.

அது காருக்கு எடுத்ததுடா. அந்த நாட்டுலேயே பைக்குக்குத் தனி வகை. இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட்னு ஒண்ணு உண்டு, 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி கொடுக்குறது. அதுலகூட பைக்குக்கு 'ஏ'ன்னு தனிக் கட்டம், அதுல சீல் இருந்தாத்தான் பைக்கைத் தொடலாம். கார் ஓட்டத் தெரிஞ்சவன் பைக் ஓட்ட மாட்டானான்னு நாம கேக்கலாம். பேப்பர் அப்படிக் கேக்காது.

(நம்ம ஊர் லைசென்ஸ்லயே இந்தக் கூத்து உண்டு. கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் எடுத்துட்டு புல்லட் கேக்குறவங்க இருக்காங்க. எம்.சி.டபிள்யூ.ஜி.ன்னு போட்டிருந்தாத்தான் கியர் வண்டி. எல்.எல்.ஆர். வச்சிருக்குறவர் 'எல்' போர்டு ஒட்டணும், சொல்லிக் கொடுக்குறவரைத் தவிர வேற யாரையும் பின்னாடி உக்கார வைக்கக் கூடாது. இதெல்லாம் பாக்காமலே சாவி கை மாறிடுது.)

இப்ப என் பக்கத்துக்கு வரேன். அவன் லைசென்ஸ் இல்லாம ஓட்டுறான், மாட்டுறான். அவனுக்கு 181-ஆவது பிரிவுல 5,000 ரூபாய். அதோட முடிஞ்சுதான்னா இல்ல. 5-ஆவது பிரிவு சொல்லுது, லைசென்ஸ் இல்லாத ஆளை வண்டி ஓட்ட ஓனர் அனுமதிக்கவே கூடாதுன்னு. அனுமதிச்சா 180-ஆவது பிரிவு. ஓனருக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்ல 3 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். தமிழ்நாட்டுல 2022 அக்டோபர்ல இருந்து புது அபராதத் தொகையெல்லாம் நடைமுறைக்கு வந்தாச்சு.

வண்டி கொடுத்த வீட்டுல ஒரு பத்தாவது, பதினோராவது படிக்கிற பையன் இருந்தா? "டேய், மாமா வண்டி நிக்குது, கடைக்குப் போயிட்டு வா"ன்னு அவங்கப்பா சாவியைக் கொடுத்துடுவார். அவருக்கு அது பெருமை. வளைகுடாவுல இருந்து வந்த அப்பாவுக்குப் பையன் வளந்துட்டான்னு பாக்குறதுல ஒரு சந்தோஷம், அது எனக்குப் புரியுது. ஆனா 2019-ல வந்த 199ஏ பிரிவு ரொம்பக் கடுமை. 18 வயசுக்குக் கீழ உள்ள பையன் ஓட்டி மாட்டுனா பெத்தவங்க மேலயும் ஓனர் மேலயும் வழக்கு. 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், வண்டி ரிஜிஸ்ட்ரேஷன் 12 மாசத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாம நடந்துச்சு, தடுக்க முடிஞ்ச அளவு பாத்தேன்னு ஓனர்தான் கோர்ட்ல காட்டணும்.

அபராதம், ஜெயில், இதெல்லாம்கூட விடுங்க. எனக்குத் தூக்கம் வராம போனது இன்சூரன்ஸ் சமாச்சாரத்தைப் படிச்ச பிறகுதான். கொஞ்சம் பொறுமையாப் படிங்க. இதுதான் இந்தப் பதிவே.

நம்மள்ல நிறைய பேரு என்ன நினைச்சிருக்கோம்? வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு, யாரு ஓட்டுனாலும் வண்டிக்குத்தானே, அவங்க பாத்துப்பாங்க.

எதிர்ல வந்தவருக்கு அடிபட்டா, இன்சூரன்ஸ் கம்பெனி பெரும்பாலும் அவருக்குப் பணத்தைக் கொடுத்துடும். உண்மைதான். ஆனா ஓட்டுனவனுக்கு லைசென்ஸ் இல்லன்னு தெரிஞ்சே கொடுத்திருந்தா, இல்ல பாக்காம அலட்சியமா கொடுத்திருந்தா, கட்டுன பணத்தை ஓனர்கிட்ட இருந்து திருப்பி வாங்கிக்க வழி இருக்கு. 2004-ல சுப்ரீம் கோர்ட் ஸ்வரன் சிங் வழக்குல இதை விரிவா எழுதி வச்சிருக்கு. ஓட்டுனவனுக்கு லைசென்ஸ் இல்லங்கிறது மட்டும் போதாது, ஓனர் கவனக்குறைவா இருந்தார்னு கம்பெனி நிரூபிக்கணும்னும் சொல்லியிருக்கு. அதனாலதான் நான் லைசென்ஸைக் கேக்குறேன், போட்டோ எடுத்து வச்சுக்குறேன். நண்பனைச் சந்தேகப்பட்டு இல்லங்க. நாளைக்கு மஞ்சக்குப்பம் கோர்ட்ல "பாத்துத்தான் கொடுத்தேன்"னு சொல்ல ஒரு ஆதாரம் வேணும். தீர்ப்புப் பணம் கட்டலன்னா கலெக்டர் மூலமா நிலவரி பாக்கி வசூலிக்கிற மாதிரி வசூலிக்கலாம்னு சட்டத்துலயே (174-ஆவது பிரிவு) இருக்கு. லட்சக்கணக்குல தொகை. காணி நிலம் வச்சிருக்குறவனுக்கு அது என்ன அர்த்தம்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

சரி, எதிர்ல வந்தவருக்கு ஒரு வழி இருக்கு. வண்டியை வாங்கிட்டுப் போன நம்ம ஆளுக்கு அடிபட்டா?

கர்நாடகாவுல இல்கல்னு ஒரு ஊர். சேலைக்குப் பேர்போன ஊர். அங்க ஒருத்தர் தெரிஞ்சவர்கிட்ட ஹீரோ ஹோண்டா வாங்கிக்கிட்டு சொந்த ஊருக்குக் கிளம்புறார். முன்னாடி இரும்புத் தகடு ஏத்துன மாட்டு வண்டி ஒண்ணு போயிட்டு இருக்கு. வண்டி திடீர்னு நின்னுடுது. இவர் போய் மோதிட்டார். உயிர் போயிடுச்சு. மனைவி நஷ்டஈடு கேட்டு வழக்கு போடுறாங்க. தீர்ப்பாயம் கொடுத்துச்சு, ஹைகோர்ட் ரத்து பண்ணுச்சு, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. 2009-ல தீர்ப்பு. நிங்கம்மா வழக்குன்னு வக்கீல்கள்கிட்ட கேட்டாலே சொல்லுவாங்க.

கோர்ட் என்ன சொல்லுச்சு? வண்டியை இரவல் வாங்கி ஓட்டுறவர் ஓனரோட இடத்துல வந்து நின்னுடுறார். தப்பு யார் மேலன்னு பாக்காம கொடுக்குற அந்த நஷ்டஈடு (அப்ப 163ஏ பிரிவு) ஓனர் கொடுக்க வேண்டிய பணம், கம்பெனி அதை ஓனர் சார்பா கொடுக்குது. ஓனரே வாங்குறவரா இருக்க முடியாது. அதனால ஓனர் இடத்துல நிக்குறவரோட குடும்பமும் கேக்க முடியாது. வேற பிரிவுல ஏதாவது வழி இருக்கான்னு பாருங்கன்னு ஹைகோர்ட்டுக்கே திருப்பி அனுப்புனாங்க.

தீர்ப்புல அந்தப் பேராவை எத்தனை முறை படிச்சாலும் மனசு ஆறல. இரவல் வண்டி. தப்பு அவரோடதா, மாட்டு வண்டியோடதா, அது வேற பேச்சு. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு. அந்த வண்டியில செத்தவருக்கு அந்த இன்சூரன்ஸ்ல இடம் இல்ல.

2020 ஜனவரியில ராம்கிலாடி வழக்குலயும் இதே கதைதான். ராஜஸ்தான். இரவல் பைக்ல போனவர், இன்னொரு பைக்கோட மோதி இறந்துட்டார். குடும்பம் அந்த எதிர் வண்டி மேல வழக்கு போடாம, அவர் ஓட்டிட்டுப் போன வண்டியோட இன்சூரன்ஸ் மேல மட்டும் போட்டாங்க. கடைசியில கிடைச்சது பாலிசியில தனிநபர் விபத்துக்குன்னு இருந்த 1 லட்சம் ரூபாய் மட்டும். (இதைப் படிக்கிற யாருக்காவது இப்படி ஒரு வழக்கு வந்தா தயவுசெஞ்சு முதல்ல எதிர் வண்டி மேல போடச் சொல்லி வக்கீல்கிட்ட கேளுங்க.)

அந்த 1 லட்சம் இப்ப 15 லட்சம் ஆயிருக்கு. சென்னை ஹைகோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் 2018-ல இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் உயர்த்துனது. நல்ல விஷயம். ஆனா உங்க பாலிசி பேப்பரை எடுத்து அந்த வரியைப் பாருங்க. 'ஓனர்-டிரைவர்'னு போட்டிருக்கும். வண்டி யார் பேர்ல இருக்கோ அவரே, செல்லுபடியாகுற லைசென்ஸோட ஓட்டும்போதுதான்னு அதுக்கு நிபந்தனையும் இருக்கும். லீவுல வந்த நம்ம நண்பன் ஓட்டுனா அவனுக்கு அது கிடைக்குமான்னு கம்பெனி கண்டிப்பா வழக்காடும். அவன் லைசென்ஸும் தேதி முடிஞ்சதுன்னா பேச்சே வேண்டாம்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. அபுதாபியில இருந்து ஒரு மாச லீவுக்கு வந்தவன். அவன் சம்பளத்துல ஒரு வீடே ஓடுது. வீட்டுக் கடன், தங்கச்சி கல்யாணக் கடன், பிள்ளை ஸ்கூல் ஃபீஸ். பி.முட்லூர் பக்கம் நாலு வழிச் சாலையில ராத்திரி லைட் போடாம நிக்குற ஒரு லாரி போதும். அவன் பொண்டாட்டி முன்னாடி நான் போய் என்ன சொல்லுவேன்? "வண்டி குடுக்காம இருந்திருந்தா திட்டியிருப்பான், அதான் குடுத்தேன்"னா?

அவன் பின்னாடி அவன் பொண்டாட்டியே உக்காந்திருந்தா இன்னும் மோசம். நம்ம ஊர்ல பழைய வண்டி வச்சிருக்குற நிறைய பேரு தேர்டு பார்ட்டி மட்டும்தான் போடுவோம், செலவு கம்மின்னு. அந்த மாதிரி பாலிசியில பின்னாடி உக்காந்து வர்றவருக்குக் கம்பெனி பொறுப்பில்லன்னு 2006-லேயே திலக் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. கம்பெனி ஒதுங்கிக்கிட்டா மிச்சம் இருக்குறது ஓட்டுனவனும் ஓனரும். நண்பனோட மனைவிக்கு அடிபட்டதுக்கு நண்பனும் நானும் எதிர்த்தரப்பா கோர்ட்ல நிக்கணும். எவ்வளவு கொடுமை இது!

அடுத்து நம்ம ஊருக்கே உரிய ஒரு பிரச்சினை. பாண்டி.

கடலூர்ல பெண்ணையாத்துப் பாலத்தைத் தாண்டுனா கொஞ்ச நேரத்துல முள்ளோடை, அதுதான் பாண்டிச்சேரி எல்லை. எதுக்குப் போறாங்கன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். லீவுல வந்தவன் நாலு ஃப்ரெண்ட்ஸுக்குப் பார்ட்டி வைக்கணும்னு ஆசைப்படுவான், இயற்கைதான். அங்க போய்க் குடிச்சிட்டு வண்டியில திரும்பி வர்றது ஒரு ஆபத்து. 185-ஆவது பிரிவுல முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் இல்ல 6 மாசம் வரைக்கும் ஜெயில், அதை விடப் பெருசு உயிர். இன்னொரு ஆபத்து வண்டிக்கு. அங்கிருந்து பாட்டில் வாங்கி டேங்க் கவர்ல, சீட்டுக்கு அடியில வச்சுக்கிட்டு வந்து மாட்டுனா தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்துல வழக்கு, வண்டி பறிமுதல். மதுவிலக்கு வழக்குல பிடிபட்ட வண்டிகளைப் பொது ஏலம் விடுறோம்னு பேப்பர்ல அறிவிப்பு வரும், பாத்திருப்பீங்க. அந்தப் பட்டியல்ல இருக்குற நம்பர்ல எத்தனை வண்டியை ஓனரே ஓட்டிட்டுப் போயிருப்பார்னு நான் ஒவ்வொரு தடவையும் நினைச்சுப்பேன்.

எந்த வழக்குல பிடிச்சாலும் வண்டியை வெளிய எடுக்க மனு போட வேண்டியது ஆர்.சி.யில பேர் இருக்குற ஆள். வண்டிகளை ஸ்டேஷன்ல ரொம்ப நாள் போட்டு வைக்காதீங்க, சீக்கிரம் ஓனர்கிட்ட ஒப்படைங்கன்னு 2002-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. இருந்தாலும் எந்த ஸ்டேஷன் வாசல்ல வேணா போய்ப் பாருங்க. டயர் மண்ணுக்குள்ள இறங்கி, செயின் துருப்பிடிச்சு, ஹேண்டில்பார்ல கொடி படர்ந்து நிக்குற வண்டிங்க. ஒரு காலத்துல தவணை கட்டி வாங்குனதுதான் எல்லாம்.

இதுவரைக்கும் சொன்னது வெளிநாட்டுல இருந்து வர்றவனுக்கு நாம கொடுக்குறது. தலைகீழாவும் நடக்குது. வெளிநாடு போறவன் தன் வண்டியை இங்க நண்பன்கிட்ட விட்டுட்டுப் போறான். "சும்மா நின்னா பேட்டரி போயிடும்டா, ஓட்டிக்கிட்டு இரு."

என் சித்தப்பா பையன் சார்ஜாவுல இருக்கான். அங்க டியூட்டியில இருக்கும்போது அவன் போனுக்கு ஒரு மெசேஜ். ஹெல்மெட் போடலன்னு கடலூர்ல அபராதம். இவன் அங்க ஏர்கண்டிஷன் ஆபீஸ்ல உக்காந்திருக்கான், இங்க திருப்பாதிரிப்புலியூர்ல இவன் வண்டி ஹெல்மெட் இல்லாம போயிட்டு இருக்கு. நண்பனைக் கூப்பிட்டுக் கேட்டா, "நான் ஓட்டலடா, என் மச்சான் எடுத்துட்டுப் போனான்." மச்சானுக்கு எத்தனை வயசு, லைசென்ஸ் இருக்கா, யாருக்கும் தெரியல. என் தம்பி அந்த மச்சானைப் பாத்ததுகூட இல்ல.

அன்னிக்கு 1,000 ரூபாயோட போச்சு. ஹெல்மெட் இல்லாம போனதுக்குப் பதிலா யாரையாவது இடிச்சிட்டு நிக்காம போயிருந்தா? போலீஸ் முதல்ல தேடுறது நம்பர் யார் பேர்ல இருக்குன்னுதான். ஓட்டுனது யாருன்னு கேட்டா தகவல் கொடுக்க வேண்டிய கடமை ஓனருக்குத்தான் (133-ஆவது பிரிவு). சார்ஜாவுல இருந்துக்கிட்டு "யாருன்னு தெரியல சார்"னு சொன்னா யாரு நம்புவாங்க? லீவு போட்டு டிக்கெட் எடுத்து வரணும். இல்ல இங்க அப்பாவுக்குப் பவர் எழுதிக் கொடுத்து, அந்த வயசுல அவரை ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைய விடணும்.

அந்த வண்டியோட இன்சூரன்ஸைப் பாத்தோம். அதுதான் பெரிய அதிர்ச்சி. 2018 செப்டம்பர்ல இருந்து புது டூவீலருக்கு 5 வருஷ தேர்டு பார்ட்டி கட்டாயம்னு ஆச்சு. (இதுக்குக் காரணமான வழக்கைப் போட்டவர் கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரியோட எலும்பு டாக்டர் ராஜசேகரன். தினம் தினம் உடைஞ்ச கை கால்களைப் பாத்து மனசு பொறுக்காம சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனவர். அவரைப் பத்தித் தனியா ஒரு பதிவு எழுதணும்.) தம்பி 5 வருஷத்துக்கு இருக்குன்னு நிம்மதியா போயிட்டான். 5 வருஷம் முடிஞ்சது அவனுக்குத் தெரியல, ஓட்டுறவங்களுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்ல. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி கடலூர் ரோட்ல மாசக்கணக்கா ஓடிக்கிட்டு இருந்திருக்கு. அந்த நாள்ல ஒண்ணும் நடக்கல. நடந்திருந்தா முழுப் பணமும் அவன் தலையிலதான். அன்னிக்கே இங்கிருந்து ஆன்லைன்ல போட்டுவிட்டேன்.

"வித்துட்டேன், பேர் மட்டும் மாத்தல"ன்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு. 2018-ல நவீன் குமார் வழக்கு. ஒரு கார், கை மாறிக் கை மாறி நாலு பேர்கிட்ட போயிருக்கு, ஆர்.சி. மட்டும் முதல் ஆள் பேர்லயே கிடக்கு. விபத்துல ஒரு சின்னப் பையன் இறந்துட்டான். யார் பொறுப்பு? ஆர்.சி.யில பேர் இருக்குறவர்தான்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. விமானம் ஏறுற அவசரத்துல ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டுப் போறவங்க கவனிக்கணும். பேர் மாறுன பிறகு போங்க.

சிங்கப்பூர்ல பைக் வச்சிருக்குற நம்ம பசங்களுக்கும் ஒரு வார்த்தை. ஊர் பாசத்துல அங்கேயும் "ஒரு ரவுண்டு குடு மச்சான்" நடக்குது. அங்க லைசென்ஸ் இல்லாதவனுக்கு வண்டி கொடுத்தா, ஓட்டுனவனுக்கு உள்ள அதே தண்டனை கொடுத்தவனுக்கும். முதல் தடவையே 10,000 வெள்ளி வரைக்கும் அபராதம், 3 வருஷம் வரைக்கும் சிறை. வேலை பர்மிட்டை நம்பி வீட்டுல கடன் வாங்கிட்டுப் போனவங்க இதுல மாட்டவே கூடாது.

அப்ப வண்டியே கொடுக்கக் கூடாதான்னு கேட்டா, நான் கொடுத்துக்கிட்டுதான் இருக்கேன்.

முன்னாடியெல்லாம் கொடுக்க விருப்பமில்லன்னா "சர்வீஸ்ல நிக்குது", "பெட்ரோல் இல்ல"ன்னு சொல்ற நண்பர்களைப் பாத்திருக்கேன். எனக்கு அது ஒத்து வராது. பொய் சொன்னா அடுத்த தெருவுலேயே வண்டியோட எதிர்ல வந்து நிப்போம், சிதம்பரம் என்ன அவ்வளவு பெரிய ஊரா? நேராவே கேட்டுடுறேன். லைசென்ஸ் தேதி, கியர் வண்டிக்கு இருக்கான்னு. சரியா இருந்தா சாவி, ஹெல்மெட் ரெண்டு (பின்னாடி உக்காருறவங்களுக்கும் சேத்து), இன்சூரன்ஸ் காப்பி. நிபந்தனை ஒண்ணு, வேற யாருக்கும் கை மாத்தக் கூடாது. ராத்திரி பாண்டிப் பக்கம்னா கிடையாது, யாரா இருந்தாலும்.

லைசென்ஸ் சரியில்லன்னா நான் கூட வந்து ஓட்டுறேன். அந்த அபுதாபி நண்பனுக்கு அதைத்தான் பண்ணேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் பின்னாடி உக்காந்தான். பத்திர ஆபீஸ் போனோம், பேங்க் போனோம், சாயங்காலம் பிச்சாவரம் போய் படகுல ஒரு சுத்து. காலேஜ் விட்டதுக்கப்புறம் அவ்வளவு நேரம் பேசுனதே இல்ல. கோவம் முழுசாப் போயிடுச்சான்னா, கொஞ்சம் இருக்கு. இருக்கட்டும். அவன் நல்லபடியா அபுதாபி போய்ச் சேந்துட்டான்.

பாலிசி விஷயத்துல ரெண்டு வேலை செஞ்சேன். தேர்டு பார்ட்டி மட்டும் இருந்ததை மாத்தி முழு பாலிசி எடுத்தேன், பின்னாடி உக்காருறவங்களுக்கும் சேத்து. அடுத்து, லீவுல வர்ற நண்பர்கள் எல்லாருக்கும் சொல்றேன்: உங்க பேர்ல ஒரு தனிநபர் விபத்து பாலிசி எடுத்து வைங்கடான்னு. வண்டி யாரோடதா இருந்தாலும் அது உங்க கூடவே வரும். இந்தியாவுல செல்லுமான்னு மட்டும் வாங்கும்போதே கேட்டுடுங்க, அங்க கம்பெனி கொடுக்குற இன்சூரன்ஸ் எல்லாம் லீவு நாளைக்குச் செல்லும்னு நினைச்சுக்காதீங்க.

பொங்கலுக்கு ஊருக்கு வர டிக்கெட் போட்டு வச்சிருக்குற அண்ணன், தம்பிங்க யாராவது இதைப் படிச்சா, இன்னிக்கே பர்ஸைத் தொறந்து உங்க இந்திய லைசென்ஸ்ல முடியுற தேதி என்னன்னு பாருங்க. முடியப் போகுதுன்னா வந்து இறங்குன முதல் வாரத்துலேயே கடலூரோ சிதம்பரமோ, உங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல புதுப்பிச்சிடுங்க. அப்புறம் எனக்கு போன் பண்ணுங்க, வண்டி தரேன்.